கம்பனி பார்க்கப் போன கதை

தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது மனிதர்களுக்கு இலகுவான காரியம் அல்ல. மனிதர்கள் என்று பொதுவாகச் சொல்வது மரியாதைக்காக. உள்ளபடி சொன்னால் ஆண்கள். இன்னும் உள்ளபடி சொன்னால் நான்.

நெல்லைப் பற்றி என்னிடம் கேளுங்கள். எந்த இனம் காற்றுக்குச் சாயும், எந்த இனம் நிற்கும், எப்போது தண்ணீரைக் கட்ட வேண்டும், எப்போது திறந்துவிட வேண்டும் என்றெல்லாம் சொல்வேன். ஆனால் ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் ஊரான அக்கராயனில் அது எல்லோருக்கும் தெரியும். எனவே எனக்குத் தெரியாத விஷயங்களில்தான் நான் அபிப்பிராயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படித்தான் ஒருமுறை, நொந்துபோய்க் கிடந்த ஒரு கணினி வலையமைப்புக் கம்பனியில் காசு போடலாமா வேண்டாமா என்று ஆராய வவுனியாவுக்குப் போனேன்.

இதற்கெல்லாம் மூலகாரணம் என்னுடைய வெட்டு மெசின். அறுவடைக் காலத்தில் ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு வயல் வெட்டிக் கொடுத்த பெரிய இயந்திரம். அது வெட்டிய வயல்களைவிட அது படுத்துக்கிடந்த வயல்கள் அதிகம். ஒருநாள் வெறுத்துப்போய் விற்றுவிட்டேன். காசை வங்கியில் போட்டேன். இந்த விஷயம் எனக்கும் மனைவி வதனிக்கும் வங்கிக்காரருக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கிழமையே சலூனில் என் தலையைக் குனியவைத்துக் கத்தரிக்கோலைப் பிடித்தபடி முடிவெட்டுகிறவர் கேட்டார்: "என்ன அண்ணை, அடுத்து என்ன பிளான்?"

அதற்குப் பிறகு நிம்மதி போய்விட்டது. ஒருவர் வந்து லொறி வாங்கச் சொன்னார். இன்னொருவர் ஆட்டுப் பண்ணை என்றார். மூன்றாமவர், நடுவில் தண்ணீர் பீய்ச்சியடிக்கும் கல்யாண மண்டபம் கட்டினால் கனடாவில் இருந்தெல்லாம் வந்து கல்யாணம் வைப்பார்கள் என்று சத்தியம் செய்தார். (அவருடைய மகளின் கல்யாணத்துக்குத்தான் மண்டபம் கிடைக்காமல் இருந்ததாம்.) வதனிக்கு ஒரே ஒரு ஆசைதான். எங்கள் வயலோடு ஒட்டிய துண்டு விலைக்கு வந்தால் வாங்கிவிட வேண்டும்.

இந்த நேரத்தில்தான் மாமி தொலைபேசி எடுத்தா. மாமி என்றால் வதனியின் அம்மா. என்னோடு பேசும்போது காசு என்ற சொல்லையே பாவிக்க மாட்டா.

"மருமோன், சுபாகரன் சரியா மெலிஞ்சு போனான்."

"சாப்பிடச் சொல்லுங்கோ மாமி."

"சாப்பாடு இறங்குதில்லையாம். கம்பனி யோசினையாம்."

சுபாகரன் வதனியின் ஒரே தம்பி. கொழும்பில் படித்து, அங்கேயே நல்ல வேலையில் இருந்து, திடீரென்று 'எங்கட ஆக்களுக்கு ஏதும் செய்ய வேணும்' என்று வேலையை விட்டு வந்து வவுனியாவில் கம்பனி தொடங்கியவன். (எங்கட ஆக்கள் பதிலுக்குச் செய்த உபகாரம், அவனுக்குத் தரவேண்டிய மாதக் காசைத் தராமல் விட்டது.) ஒரு முதலாளிக்கு வவுனியாவில் ஒரு கடை, கிளிநொச்சியில் ஒரு கடை, புதுக்குடியிருப்பில் ஒரு கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கடையிலும் பில் போடும் கணினிகளை ஒன்றோடொன்று பேசவைப்பது, கமராக்களை முதலாளி வீட்டில் இருந்தே பார்க்கச் செய்வது, இவைதான் அவனுடைய தொழில். எல்லாம் அவனுடைய அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெட்டி வழியாகத்தான் ஓடும். வேலை சுத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் காசு கேட்க அவனுக்கு வெட்கம். கொழும்பில் இருந்து பெரிய கம்பனிகளும் வந்துவிட்டன. வாகனத்தை விற்றுவிட்டான். இனி விற்பதற்கு மேசை கதிரைதான் மிச்சம்.

"அத்தான், கடனாத் தர வேண்டாம். பங்காளியா வாங்கோ" என்றான் சுபாகரன்.

பங்காளி! அந்தச் சொல் என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கே யூடியூப்பில் முதலீடு பற்றிப் பார்க்கத் தொடங்கினேன். கோட் போட்ட ஒருவர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: காசு போடுவதற்கு முன் கம்பனியை நேரில் போய்ப் பாருங்கள், கேள்வி கேளுங்கள், இரக்கம் காட்டாதீர்கள். வயலில் நின்றும் பார்த்தேன், கிணற்றடியிலும் பார்த்தேன். இரண்டு கிழமையில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

புறப்படும் காலையில் நானும் கோட் போட்டேன். என் கல்யாண வரவேற்புக்குத் தைத்தது. பொத்தான் பூட்டினால் மூச்சு நிற்கும், ஆகையால் பூட்டவில்லை. வதனி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உதைக் கழட்டுங்கோ. வெய்யில் கொளுத்துது. பொம்பிளை பாக்கவோ போறியள்?"

"கம்பனி பாக்கப் போறன். ஒரு தோற்றம் வேணும்."

"அது என்ர தம்பியின்ர கம்பனி. அவன் உங்களை இடுப்பில சாரத்தோடயே பாத்தவன்."

பெண்களுக்கு வியாபாரம் புரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். (வெளியில் சொல்லவில்லை. அந்தளவுக்கு விசர் இல்லை.) நானும் வதனியும் கிளிநொச்சிக்கு வந்து பஸ் ஏறினோம். வவுனியா போகும்வரை யூடியூப் விரலாட்டிக்காரரின் கடைசி இரண்டு பாடங்களையும் பார்த்து முடித்தேன். இறங்கும்போது என் கைத்தொலைபேசி செத்துவிட்டது. கோட்டுக்குள் நானும் ஏறக்குறைய அதே நிலைதான்.

அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஒடுங்கிய படி. முன் அறையில் இரண்டு மேசைகள், ஒரு மின்விசிறி, தொலைபேசிக்குப் பொறுப்பாகத் தர்சினி என்ற பெண். அவள் பால் விடாத பிளேன்டியும் றோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள். நான் றோல்ஸை எடுக்காமல் முதலில் கேள்வியை எடுத்தேன்.

"சுபாகரன், உங்கட கம்பனியின்ர எக்சிட் ஸ்ட்ராட்டஜி என்ன?"

சுபாகரன் பின்பக்கம் கையைக் காட்டினான். "அந்தக் கதவால இறங்கலாம் அத்தான். ஆனா படி கொஞ்சம் உடைஞ்சு கிடக்குது, பாத்து."

வதனி பிளேன்டிக் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். தர்சினிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. நான் தலையை ஆட்டி, 'நல்லது' என்றேன். அதற்குமேல் அந்தப் பாடத்தில் எனக்கும் தெரியாது.

பிறகு உள்ளறையைக் காட்டினான். சின்ன அறை. குளிரூட்டி இருந்த ஒரே அறை. கறுத்தக் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலுமாரி ஒன்று நின்றது. அவன் கதவைத் திறந்தபோது உள்ளே அடுக்கடுக்காகப் பெட்டிகள், நீல வயர்கள், மினுங்கும் சின்னச் சின்ன லைட்டுகள், ஒரு இரைச்சல்.

"எல்லாக் கடையும் இதுக்குள்ளாலதான் அத்தான் கதைக்குது" என்றான். இவ்வளவு சங்கடத்துக்குள்ளும் அதைச் சொல்லும்போது அவன் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

கதவை மூடினான். அதற்குள் நெளுக்குளத்தில் ஒரு கடையில் கமரா வேலை என்று அழைப்பு வந்தது. "கெதியா வந்திடுவன், அத்தான். நீங்கள் என்ன வேணுமெண்டாலும் பாருங்கோ" என்று சொல்லி மோட்டார் சைக்கிளில் போனான்.

என்ன வேண்டுமென்றாலும் பாருங்கள் என்றுதான் சொன்னான். தொடுங்கள் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது பிடிபடவில்லை.

வதனி முன் அறையில் தர்சினியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நான் 'ஆழமாகப் பார்க்க வேண்டும்' என்று சொல்லி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஆழம் என்பது குளிரூட்டியின் நேர்கீழே இருந்த கதிரை. உட்கார்ந்ததும்தான் கைத்தொலைபேசி நினைவுக்கு வந்தது. சுவரோடு இருந்த பிளக் பலகையில் ஒரு ஓட்டைகூட மிச்சமில்லை. எதையாவது கழற்ற வேண்டும். எதை? வயரைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று, தரையில் சும்மா கிடந்த ஒரு கறுத்தப் பெட்டிக்குப் போனது. அந்தப் பெட்டி மினுங்கவில்லை. இரையவில்லை. கம்பனிக்கு எந்தப் பிரயோசனமும் இல்லாமல் கரண்டைக் குடித்துக்கொண்டு கிடந்தது. வீண்செலவு! விரலாட்டிக்காரரின் நான்காம் பாடமே வீண்செலவைக் கண்டுபிடிப்பதுதான். கழற்றினேன். என் சார்ஜரைச் செருகினேன்.

அது யூபிஎஸ் என்று இப்போது எனக்குத் தெரியும். கரண்ட் நின்றாலும் அலுமாரிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும் பற்றறிப் பெட்டி. மொத்தக் கம்பனியும் அதன் முதுகில்தான் நின்றது.

அது சும்மா விடவில்லை. 'கீ... கீ...' என்று கத்தத் தொடங்கியது. அந்தப் பெட்டி தன்னால் முடிந்த மொழியில் 'அட பாவி, செருகு' என்று என்னிடம் கெஞ்சியிருக்கிறது. எனக்கு எரிச்சல் வந்தது. குனிந்து பார்த்தேன். முன்பக்கம் ஒரு பொத்தான். அமத்தினேன். கத்தல் நின்றது. அலுமாரிக்குள் இருந்து வந்த இரைச்சலும் நின்றது. அறை கோவில் மாதிரி அமைதியானது. வந்த கையோடு ஒரு பழுதைத் திருத்திவிட்டேன் என்ற திருப்தியோடு, யோசிப்பதற்காகக் கண்ணை மூடினேன்.

முன் அறையில் தொலைபேசி அடித்த சத்தம் கேட்டு யோசனை கலைந்தது. வைத்ததும் மறுபடி அடித்தது. தர்சினியின் சொந்தக் கைத்தொலைபேசியும் சேர்ந்து அடித்தது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அவள் இரண்டு காதிலும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு "ஓம் ஐயா... ஓம் அண்ணை... பாக்கிறம்... ஓம்..." என்று தவித்துக்கொண்டிருந்தாள். புதுக்குடியிருப்பில் ஒரு இரும்புக் கடையில் பில் வரவில்லை. கிளிநொச்சியில் ஒரு புடவைக் கடையில் கமரா தெரியவில்லை. கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர் தொலைபேசியில் அழைக்கவில்லை. படியடியில் நின்றே கத்தினார்.

"அண்ணை, நான் ஒருக்கா உள்ள வந்து பாக்கட்டோ?" என்று தர்சினி என்னிடம் கேட்டாள்.

"நான் நிக்கிறன்தானே. நீங்கள் போனைப் பாருங்கோ."

(இந்த ஒரு வசனத்துக்காக மட்டும் என்னை யாராவது அன்றைக்கே நாலு சாத்துச் சாத்தியிருக்கலாம்.)

அவள் சுபாகரனுக்கு அழைத்தாள். அவன் என்னிடம் கொடுக்கச் சொன்னான். நான் அவளுடைய கைத்தொலைபேசியோடு உள்ளறைக்குள் போனேன்.

"அத்தான், பெட்டியில லைட் எரியுதோ?"

எந்தப் பெட்டி என்று கேட்டிருக்கலாம். கேட்டால் காலை முழுக்கச் சேர்த்த மரியாதை போய்விடும். அறையைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் நீளமாக ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் ஒரு லைட் எரிந்தது.

"எரியுது."

"பச்சையோ, ஓரேஞ்சோ?"

"பச்சை."

"மினுங்குதோ, நிண்டு எரியுதோ?"

"நிண்டு எரியுது. நல்ல வடிவா எரியுது."

"அப்ப பெட்டியில பிழையில்லை. இஞ்ச நெளுக்குளத்தில சிக்னல் அனுப்புற கம்பத்திலதான் ஏதோ. குரங்குகள் திரும்பவும் டிஷ்ஷைத் திருப்பிப்போட்டுதுகள் போல. நான் ஏறிப் பாக்கிறன்."

அந்த வெள்ளைப் பெட்டி குளிரூட்டி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதுவும் பெட்டிதான். அதிலும் லைட் இருந்தது. எந்தப் பெட்டி என்று தெளிவாகச் சொல்லாதது சுபாகரனின் பிழை என்றுதான் நீண்டகாலம் வாதாடிக்கொண்டிருந்தேன்.

அவன் அந்த வெய்யிலில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்ற இரும்புக் கம்பத்தில் ஏறினான். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. குரங்குகள் அன்று அந்தப் பக்கமே வரவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்ததால் அவனுக்குச் சந்தேகம் கூடியது. ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பூட்டத் தொடங்கினான்.

இந்தப் பக்கம் நான் சும்மா இருந்தேனா? இல்லை. முன் அறைக்கு வந்து, கோட்டின் பைக்குள் கையை விட்டுக்கொண்டு தர்சினிக்கு வகுப்பு எடுத்தேன். ஒரு கம்பனிக்கு நம்பகம் முக்கியம் என்றேன். வாடிக்கையாளருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். அவள் கைத்தொலைபேசியில் ஒருவரைச் சமாளித்துக்கொண்டிருந்தபோது, மறுபடி அடித்த மேசைத் தொலைபேசியை நானே எடுத்தேன்.

"இதென்ன கம்பனி? காலமை நேரம் பாத்து எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு!" என்றார் மறுமுனையில் ஒருவர்.

"நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி, ஐயா. நானெண்டால் உந்தக் கம்பனிக்கு ஒரு சதம் கட்டமாட்டன்."

"நீங்கள் ஆர் கதைக்கிறது?"

"நான் காசு போட வந்தனான்."

வதனி எழும்பி வந்து, என் கையில் இருந்த தொலைபேசியைப் பிடுங்கி வைத்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? அவன்ர ஆக்களிட்டயே அவனைப் பிழை சொல்லுறியள்!"

"நான் உள்ளதைத்தான் சொல்லுறன். வதனி, இது செத்த கம்பனி. ஒரு காலமைக்குத் தாங்கேல்லை. நாங்கள் அந்த வயல் துண்டை வாங்குவம்."

வதனியின் முகம் வாடிப்போனது. அவளுக்கு அந்த வயல் துண்டில் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அது கைக்கு வருகிறது என்றபோதும் அவள் சந்தோசப்படவில்லை. தம்பியின் மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில்கூட எனக்கு உறைக்கவில்லை.

அப்போதுதான் படியில் பலமான காலடிச் சத்தம் கேட்டது. வந்தவர் ஒரு ஹாஜியார். வவுனியாவிலும் முல்லைத்தீவுப் பக்கமும் பலசரக்கு மொத்தக் கடைகள் வைத்திருப்பவர். சுபாகரனின் பெரிய வாடிக்கையாளர் அவர்தான். வெள்ளைத் தொப்பி, வியர்த்த முகம், விரலில் வளையத்தோடு கார்த் திறப்பு.

"எங்க சுபாகரன்? என்ட கடையில ஆக்கள் சாமானோட வரிசையில நிக்கிறாங்க. கையால பில் எழுதுற காலம் போயிட்டு எண்டுதானே இந்தத் தம்பி சொல்லித் தந்தது? இண்டைக்குக் கையாலதான் எழுதுறன். இதோட நிப்பாட்டிக்குவம் எண்டு சொல்லத்தான் வந்தன்."

தர்சினி எழுந்து நின்றுவிட்டாள். ஹாஜியார் போனால் கம்பனி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு ஒரு நீதிமான் வேடம் ஏறிவிட்டிருந்தது.

"ஹாஜியார், நான் சுபாகரன்ர அத்தான். இதில முதலிடலாமோ எண்டு பாக்க வந்தனான். நீங்கள் கோவப்படுறதில நியாயம் இருக்குது. வாங்கோ, உள்ள வந்து உங்கட கண்ணாலயே பாருங்கோ."

கூட்டிக்கொண்டு போனேன். பின்னால் வதனியும் தர்சினியும் வந்தார்கள். அலுமாரியின் கறுத்தக் கண்ணாடிக் கதவை, திரை விலக்குவதுபோல் திறந்தேன். உள்ளே ஒரே இருட்டு.

"பாத்தீங்களோ? ஒரு லைட்டும் எரியேல்லை. இதுக்குத்தான் நீங்கள் மாசாமாசம் காசு கட்டுறது!"

ஹாஜியார் அலுமாரியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கழன்று கிடந்த தடித்த வயரைச் செருப்பு நுனியால் மெல்லத் தட்டினார். அப்படியே அவர் கண் அந்த வயர் இருந்திருக்க வேண்டிய பிளக் பலகைக்குப் போனது. அங்கே என்னுடைய வெள்ளைச் சார்ஜர்.

"இது ஆருட போன்?"

நன்றாகச் சார்ஜ் ஏறி, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த என் கைத்தொலைபேசி அந்தக் கணம் பார்த்து அடித்தது. திரையில் பெரிய எழுத்தில் 'மாமி'. அதன் பக்கத்தில் என் கல்யாணப் படம். அதே கோட்.

ஹாஜியார் படத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

தர்சினி குனிந்து, என் சார்ஜரைக் கழற்றி என் கையில் தந்தாள். யூபிஎஸ்ஸைச் செருகினாள். பொத்தானை அமத்தினாள். அலுமாரிக்குள் இரைச்சல் எழும்பியது. ஒவ்வொன்றாக லைட்டுகள் மினுங்கத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் முன் அறைத் தொலைபேசிகள் ஓய்ந்தன. அந்த அமைதியைவிட அந்தக் கத்தல்களே பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

மாமியின் அழைப்பை வதனிதான் எடுத்தாள். "ஓம் அம்மா. பாத்திட்டார். நல்லாப் பாத்திட்டார்" என்று சொல்லி வைத்தாள்.

ஹாஜியார் முன் அறைக் கதிரையில் இருந்து, ஒரு கோப்பை தண்ணீர் வாங்கிக் குடித்து, பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கச் சிரித்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், காலையில் எடுக்காமல் விட்ட றோல்ஸைப் பார்த்தேன். அந்த நேரம் சுபாகரன் வந்து சேர்ந்தான். முகம் கறுத்து, சட்டை முழுக்கத் துரு, ஒரு முழங்கை உரசிச் சிவந்திருந்தது. தர்சினி சுருக்கமாக விஷயத்தைச் சொன்னாள். அவன் என்னிடம் வந்தான்.

"அத்தான், பச்சை லைட் எரியுதெண்டு சொன்னனீங்கள்?"

நான் உள்ளறைச் சுவரைக் காட்டினேன். அவன் குளிரூட்டியைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். சிரித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

"ஓம் அத்தான்" என்றான் மெதுவாக. "பச்சைதான்."

கோட்டைக் கழற்றினேன். அதற்குப் பிறகு, தர்சினி இலக்கங்களை அழுத்தித் தர, ஏசிய ஒவ்வொருவருக்கும் நானே அழைத்து, பிழை கம்பனியில் இல்லை, என்னில் என்று சொன்னேன். 'ஒரு சதம் கட்டமாட்டன்' என்று நான் சொல்லியிருந்த அந்த ஐயாவுக்கு மட்டும் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப நீங்கள்தான் கழட்டினதோ? நீங்களே கழட்டிப்போட்டு நீங்களே குறை சொன்னனீங்களோ?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு விளங்காமல் இல்லை. திரும்பக் கேட்க ஆசையாக இருந்திருக்கிறது.

ஹாஜியார் எழும்பும்போது சுபாகரனின் தோளில் கை வைத்தார். "நிப்பாட்ட வேணாம் தம்பி. நானும் இருக்கிறன். ஒரு கண்டிசன். இவர் இனி இந்தக் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை என்று பிறகுதான் விளங்கியது.

திரும்பி வரும்போது பஸ் ஓமந்தையைத் தாண்டியது. வதனி யன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"காசைப் போடுவம்."

"என்ன?"

"நிண்டது கொஞ்ச நேரம். அதுக்குள்ள அந்தளவு சனமும் போனடிச்சுக் கத்தினது. தேவையில்லாத சாமான் நிண்டால் ஆரும் கத்துவினமோ? உங்கட வெட்டு மெசின் நிண்டபோது எத்தினை பேர் போனடிச்சவை?"

ஒருவரும் அடிக்கவில்லை. அடுத்த மெசினைக் கூப்பிட்டு வெட்டிக்கொண்டு போனார்கள்.

"தர்சினியோட கதைச்சனான்" என்றாள் வதனி. "வேலையில ஒரு பிழையும் இல்லை. காசு கேக்கத்தான் ஆளில்லை. அதை நான் கேக்கிறன்."

"வயல் துண்டு?"

"அது அங்கதானே கிடக்கும். ஓடியோ போகுது?"

அந்தத் துண்டு அடுத்த போகத்துக்கு முன்பே வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அதைப் பற்றி வதனி இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. வரம்பில் நடந்துபோகும்போது அந்தப் பக்கம் பார்ப்பாள், அவ்வளவுதான். பங்கு அவளுடைய பெயரில்தான் போடப்பட்டது. மாதத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப்போய், காசு தராதவர்களின் கடையில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று விசாரிப்பாள். காசைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டாள். (தாய்க்கு மகள்.) பின்னேரத்துக்குள் அவர்கள் தாங்களாகவே கொடுத்துவிடுவார்கள். கம்பனி இன்றைக்கும் கொழும்புக்காரரைப்போல் பெரிதாகவில்லை. ஆனால் சுபாகரன் வாகனம் ஒன்று வாங்கிவிட்டான், பழையதுதான். மாமியின் கணக்கில் அவன் கொஞ்சம் உடம்பும் வைத்துவிட்டான்.

ஹாஜியாரின் கண்டிசன் அப்படியே இருக்கிறது. பங்காளிகள் கூட்டம் மேல்மாடியில் நடக்கும்போது பங்காளியின் கணவனாகிய நான் எதிரில் உள்ள தேநீர்க் கடையில் இருப்பேன். தர்சினி மேலே இருந்து றோல்ஸ் கொடுத்துவிடுவாள். உள்ளறைக்கு இப்போது பூட்டும் போட்டிருக்கிறார்களாம். நான் பார்த்ததில்லை.

இவ்வளவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. விடமாட்டார்கள். கரண்ட் போனால் காரணம் நான். கனடாவில் இருக்கும் வதனியின் பெரியம்மாவுக்கு வீடியோ அழைப்பு அறுந்தால் நான். "அவர் எங்க நிக்கிறார்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள்.

போன மாரியில் ஒருநாள் காற்றும் மழையுமாக இருந்து கிளிநொச்சி முழுக்கக் கரண்ட் போய்விட்டது. நான் முழங்கால் அளவு தண்ணீருக்குள் நின்று வரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்த கைத்தொலைபேசி அடித்தது. சுபாகரன்.

"சும்மா கேக்கிறன் அத்தான். இப்ப எங்க நிக்கிறியள்?"

"வயலுக்குள்ளயடா! கொட்டுற மழையில வயலுக்குள்ள நிக்கிறன்!"

"பக்கத்தில பிளக் ஒண்டும் இல்லைத்தானே?"

வயலுக்குள் பிளக் எங்கே இருக்கும்? ஆனால் அவன் கேட்டதும் நான் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். அதுதான் பெரிய கொடுமை.